இறக்கிய மட்டம்

மண் பந்தயத்தில் பைக் ஓட்டுகிறவனுக்கு மண்டைதான் முதல், வண்டியெல்லாம் அப்புறம். இதை வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் எல்லாரும் சொல்வார்கள். ஓட்டுகிறவன் ஒருத்தன் சொல்லி யாரும் கேட்டதில்லை. செம்மண் மேட்டில் சீறி ஏறி, தென்னை உயரத்துக்குக் காற்றில் போய், அடுத்த மேட்டின் முதுகில் வந்து இறங்குகிற பிழைப்பு அது. தப்பினால் தலைதான் முதலில் தரையைத் தொடும். விழுந்தவன் எழுந்து, மண்ணைத் தட்டி, "ஒண்ணுமில்லீங்க" என்று வண்டியைத் தூக்குவான். உள்ளே மூளை ஓட்டில் மோதிக் கலங்கியிருந்தாலும் வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாது. அப்படி எழுந்து போன சிலர் அடுத்த சுற்றில் மறுபடி விழுந்தார்கள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

அதற்காகத்தான் பந்தயச் சங்கம் உள்வலையைக் கொண்டுவந்தது. ஹெல்மெட்டின் உள்பக்கம் ஒட்டிய மெல்லிய வலை அது. சீசன் தொடங்கும் முன் ரைடரை உட்காரவைத்து அவன் மூளை எப்படி ஓடுகிறது என்று பதிந்து வைத்துக்கொள்ளும். கணக்குப் போடச் சொல்லும், விளக்கை மினுக்கும், முகங்களைக் காட்டும், வீட்டு ஆளின் குரலைக் காதில் போடும். கொத்தனார் சுவருக்கு ரசமட்டம் வைத்துப் பார்க்கிற மாதிரி இருந்ததால் ரைடர்கள் அதை 'மட்டம் எடுப்பது' என்றார்கள். பந்தயத்தில் விழுந்தால் வலை அப்போதைய மூளையை அந்த மட்டத்தோடு ஒப்பிடும். கீழே போயிருந்தால் சிவப்பு விளக்கு, மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போகவில்லை என்றால் பச்சை, ஓட்டலாம். டாக்டரின் சந்தேகம், பெண்டாட்டியின் அழுகை, முதலாளியின் மிரட்டல் எதற்கும் இனிமேல் வேலையில்லை என்று எல்லாரும் கைதட்டினார்கள். மனுஷனுக்கு ஏமாற்றத் தெரியும் என்பது அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை பாருங்கள்.

எப்படி ஏமாற்றுவது என்று மஞ்சரிக்குச் சொல்லிக்கொடுத்தவர் கனகு அண்ணன். சூலூரில் பட்டறை வைத்திருந்தார். மஞ்சரியின் புருஷன் லோகேந்திரன் ஓட்டிய அணிக்கு அவர்தான் மேனேஜர், மெக்கானிக், குலதெய்வம், எல்லாம். மட்டம் எடுக்க வேண்டிய வாரத்தில் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், காபியை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

"அந்த மெஷினு உன்ற புருசன ஊர்ல இருக்கறவனோட ஒப்பிடாது கண்ணு. அவன அவனோடயேதான் ஒப்பிடும். இவன் எப்பவுமே கொஞ்சம் மந்தம்னு அது நெனச்சுக்கிட்டா, நாளைக்குக் கீழ வுழுந்து மந்தமானாக்கூட அதுக்கு வித்தியாசம் தெரியாது. பச்சை காட்டிப்போடும்."

"அது தப்பில்லீங்களாண்ணா?"

"எல்லாருந்தான் மட்டத்த எறக்கறாங்க. எறக்காம வர்ற பையன் பாதிப் பந்தயத்துக்குப் பந்தலுக்குள்ள உக்காந்து வேடிக்கை பார்க்கோணும். இந்த வருசம் ஜெயிச்சா இவனுக்கு வெளிநாட்டு டீமு. யோசிச்சுக்குங்க, நான் எதுவுஞ் சொல்லல."

எதுவும் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போகிற ஆள் அவர். லோகு சிரித்தான். "மந்தமாத் தெரியறதுக்கு எதுக்கு அம்மிணி இத்தன பாடு? உன்ற கூடப்பொறந்த அண்ணங்கூட சித்த நேரம் பேசிட்டுப் போனாப் பத்தாதா?" என்றான். மஞ்சரி தலையணையால் அவனை அடித்தாள்.

வழி சுலபம். இரண்டு ராத்திரி பொட்டுத் தூக்கம் கூடாது. மூன்றாம் நாள் காலை, தூக்கக் கலக்கம் தருகிற சளி மாத்திரை இரண்டைப் போட்டுக்கொண்டு போய் உட்கார வேண்டும். அவனைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை மஞ்சரியுடையது. மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பி சுற்றும் வேலைக்கு அவள் லீவு போட்டாள். கேரம் ஆடினார்கள், சண்டை போட்டார்கள், அவன் கண் சொருகும்போதெல்லாம் காதைத் திருகினாள். கருமத்தம்பட்டி பைபாஸுக்கு வண்டியில் போய் டீ குடித்தார்கள். திரும்பி வரும்போது அவன் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவள் சொந்தக்காரர்களின் பேரை வைத்துக்கொண்டே வந்தான். பெரிய மாமாவின் தடை வந்தபோது சிரித்த சிரிப்பில் இருவரும் ரோட்டோரம் இறங்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. கல்யாணமாகி நாலு வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் அவள் கண்டதில்லை.

மட்டம் எடுத்த இடத்தில் அவன் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தான். வலைக்குள் மஞ்சரியின் குரலைப் போட்டார்கள். "மாமா, வண்டிய நிறுத்திப்போட்டு சாப்பிட வாங்க" என்று அவள் பேசிக் கொடுத்த குரல்தான். திரையைப் பார்த்த சங்கத்துப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். "வீட்டுக்காரம்மா குரலுக்கு உள்ள ஒண்ணுமே அசையலைங்களே" என்று சொல்லிவிட்டு மஞ்சரியை ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்தாள். பாவம், இந்தப் பொண்ணுக்கு இப்படி ஒரு புருஷன் என்று நினைத்திருப்பாள். வீடு வந்து சேரும்வரை அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்தார்கள்.

பந்தயம் பல்லடம் தாண்டி ஒரு செம்மண் காட்டில் நடந்தது. இரண்டு சுற்று, இரண்டிலும் சேர்த்து எடுக்கிற புள்ளிதான் வெற்றி. லோகு பயந்தாங்கொள்ளி. இது தனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று மஞ்சரி நினைத்திருந்தாள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் கை ஜில்லிட்டுப் போகும், அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பான். "பொண்ணாப் பொறந்திருக்கோணும் நீங்க" என்று அவள் கிண்டல் செய்வாள். "பொறந்திருந்தா உன்னைய யாரு கட்டிக்குவா?" என்பான். அந்தப் பயம்தான் அவனை எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டுமோ அங்கே குறைக்க வைத்தது. அன்றைக்கும் அப்படித்தான் நின்றுவிட்டுப் போனான்.

முதல் சுற்றில், அடுத்தடுத்து மூன்று மேடுகளை ஒரே தாவலில் தாண்டும் இடத்தில், முன்னால் போனவனின் சக்கரம் வாரியடித்த மண் கண்ணாடியில் அப்பியது. லோகு பார்வை தெரியாமல் இறங்கி, வண்டியிலிருந்து தெறித்து, தலைகீழாக விழுந்தான். கூட்டம் "ஐயையோ" என்றது. அவனோ எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, வண்டியைத் தூக்கி, ஐந்தாவதாக வந்து சேர்ந்தான். கூட்டம் விசிலடித்தது.

பந்தலுக்கு வந்ததும் கையுறையைக் கழற்றியபடி கனகு அண்ணனைக் கேட்டான். "ஏனுங்கண்ணா, மொதச் சுத்து எப்ப ஆரம்பிக்கும்?"

"நக்கலப் பாரு இவனுக்கு" என்று அவர் சிரித்தார்.

தண்ணீர் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்கண்ணா, மொதச் சுத்து எப்ப?" என்றான். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. லோகு பந்தலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். "காலைல பரோட்டா வேண்டாம்னேன், கேட்டானா?" என்று கனகு அண்ணன் ஊருக்கே கேட்கும்படி சொன்னார். காலையில் அவன் தின்றது இட்லி என்று மஞ்சரிக்குத் தெரியும்.

மைதானத்து டாக்டர் ஷமீலா வந்தார். ஹெல்மெட்டை மாட்டச் சொல்லி வலையைப் பார்த்தார். பச்சை எரிந்தது. டாக்டர் விளக்கைப் பார்த்தார், லோகுவின் கண்ணைப் பார்த்தார், பிறகு மஞ்சரியைத் தனியே அழைத்தார்.

"மெஷின் நல்லாருக்கார்ன்னு சொல்லுதும்மா. என் கண்ணு அப்படிச் சொல்லல. ஆனா என் கண்ணுக்கு இங்க மதிப்பு கிடையாது. ஒரே ஒரு விதி இருக்கு. கூட இருக்கறவங்க யாராவது, இவர் வழக்கமா இப்படி இல்லைன்னு சொன்னா, நான் நிறுத்தி வச்சு மறுபடி பார்க்கலாம். நீங்க சொல்லுங்க. இவர் வழக்கமா இப்படித்தான் இருப்பாரா?"

ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று மஞ்சரிக்குத் தெரிந்தது. வழக்கமாக இப்படி இல்லாதவருக்கு மெஷின் ஏன் பச்சை காட்டுகிறது? மட்டத்தைத் தோண்டுவார்கள். இறக்கிய மட்டம் என்று தெரிந்தால் ஆயுசுக்கும் லோகு பந்தயத்தில் கால் வைக்க முடியாது. அப்பால் கனகு அண்ணன் தொண்டையைச் செருமினார். லோகு அவளைப் பார்த்துச் சிரித்தான். பஸ்ஸில் சில்லறை சரியாகக் கொடுத்த கண்டக்டரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது.

"ரேஸ் அன்னிக்கு அவரு இப்படித்தானுங்க" என்றாள் மஞ்சரி.

டாக்டர், ஓட்டலாம் என்று சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு போய்விட்டார்.

இரண்டாவது சுற்றில் அவன் மேட்டில் விழவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிளில் திரும்புகிற மாதிரி ஒரு சமதரைத் திருப்பத்தில், யாரும் மோதாமல், வண்டியோடு மெல்லச் சாய்ந்தான். தலை மண்ணில் பட்டதைக்கூடப் பாதிப் பேர் கவனிக்கவில்லை. கலங்கிப்போன மூளைக்கு இரண்டாவதாக ஒரு தட்டு போதுமாம். அப்புறம் டாக்டர்கள் சொன்னார்கள். சொல்லி என்ன?

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் மண்டை ஓட்டைத் திறந்து வீக்கத்துக்கு வழிவிட்டார்கள். உயிர் தங்கியது. ஆனால் கண் திறந்தவனுக்குக் கரண்டியைப் பிடிக்கத் தெரியவில்லை, பேச்சு வரவில்லை. ஷமீலா அந்த ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்த்தார். மஞ்சரியை உட்காரவைத்து மீட்பு சிகிச்சையைப் பற்றி விளக்கினார்.

"தலையில ஒரு தொப்பி போடுவோம்மா. மூளை எங்கெங்க ஓட்டம் தப்பியிருக்கோ, அங்கெல்லாம் சின்னச் சின்னத் துடிப்பு குடுத்துப் பழைய ஓட்டத்துக்கு இழுத்துட்டு வரும். பத்து வருஷம் முன்னாடி இந்த மாதிரி ஆளைப் படுக்கையிலயே வச்சுப் பார்த்துக்கணும். இப்ப அப்படி இல்ல. வீட்டுக்குப் போனப்புறமும் தூங்கறப்ப தொப்பியை மாட்டிக்கிட்டாப் போதும், சரியா நிக்கும்."

"பழைய ஓட்டம்னா எதுங்க டாக்டர்?"

"அதான் சீசனுக்கு முன்னாடி எடுத்த மட்டம் இருக்கே. அது இல்லாட்டி எதை நோக்கி இழுக்கறதுன்னு எங்களுக்கே தெரியாது. உங்க வீட்டுக்காரர் அதிர்ஷ்டசாலி."

மஞ்சரி வெளியே வந்து கனகு அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, அது அவரே இல்லீங்களே. தூக்கமில்லாம, மாத்திரை போட்டுக்கிட்டு உக்காந்திருந்த ஆளு. அந்த ஆளாட்டம் பண்ணி வெச்சிருவாங்களே. நான் போய்ச் சொல்லிப்போடறேன்."

கனகு அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார், அதைச் சொல்லியாக வேண்டும். "சொல்லு கண்ணு. வேண்டாம்னு நான் சொல்லல. மட்டம் பொய்யின்னு சொன்னா எதை வெச்சு இழுப்பாங்க? வெறும் ஆளா அப்படியே விட்டுப்போடுவாங்க. கரண்டி புடிக்கத் தெரியாத லோகு வேணுமா, கொஞ்சம் மந்தமான லோகு வேணுமா? நீதான் பொண்டாட்டி. நீயே சொல்லு."

அவள் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று இன்றைக்கும் நினைக்கிறாள். அதில் ஒரு ஆறுதலும் இல்லை.

சிகிச்சை பிரமாதமாக வேலை செய்தது. மட்டத்துக்கும் மூளைக்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஒத்துப்போகிறது என்றார்கள். நடந்தான், பேசினான், எல்லாரையும் அடையாளம் தெரிந்தது, எதையும் மறக்கவில்லை. நர்ஸுகள் மிட்டாய் கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கு அவள் ரசம் வைத்து அப்பளம் பொரித்தாள். "மாமா, சாப்பிட வாங்க" என்றாள். உடனே வந்து உட்கார்ந்தான். முன்னெல்லாம் பத்துத் தரம் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் "சோறா, இல்ல உன்ற சமையலா?" என்று ஒரு கேலி வரும். இப்போது ஒரு குரலில் வந்தான், தின்றான், தட்டைக் கழுவி வைத்தான்.

"நல்லாருந்துச்சுங்களா?"

"ம். உப்பு சரியா இருந்துச்சு மஞ்சரி."

அவன் வாயில் அம்மிணி போய் மஞ்சரி வந்திருந்தாள். அவன் கெட்டவனாக மாறியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். குடித்தான், அடித்தான் என்றால் ஊரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். அவன் அவளைத் திட்டவில்லை, அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை வாங்கி வந்து தண்ணீரோடு நீட்டினான். நீட்டிவிட்டு அங்கேயே நின்றான், அடுத்தது என்ன செய்வது என்று தெரியாத மாதிரி. சினிமாவில் நாய் செத்தாலே மூக்கை உறிஞ்சுகிறவன், சொந்த அத்தை செத்ததற்குப் போய் மாலை போட்டுவிட்டு மணி பார்த்தான். அக்கம்பக்கத்தில் எல்லாரும், "எவ்வளவு பொறுப்பாயிட்டாரு உங்க வீட்டுக்காரரு" என்றார்கள். அவளுக்கு அவர்கள் வாயில் மண்ணள்ளிப் போட வேண்டும் போல இருந்தது.

அடுத்த சீசனில் அவன் மறுபடி ஓட்டினான். வலை பச்சை காட்டியது, காட்டாமல் என்ன செய்யும்? பந்தலுக்குப் பின்னால் அவள் போய் நின்றாள். அவன் வரவில்லை. தேடிப் போனால் நாற்காலியில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். கையைத் தொட்டுப் பார்த்தாள், வெதுவெதுப்பாக இருந்தது. அன்றைக்கு அவன் எந்த மேட்டிலும் வேகத்தைக் குறைக்கவில்லை. மற்றவர்கள் ஆக்ஸிலரேட்டரை விடுகிற இடத்தில் இவன் முறுக்கினான். முதலாவதாக வந்தான். அதற்கடுத்த பந்தயத்திலும் முதல். கூட்டம் பைத்தியம் பிடித்த மாதிரி கத்தியது. கோப்பையைக் கையில் கொடுத்தபோது அதை எங்கே வைப்பது என்று கேட்டான்.

அப்படி ஒரு பந்தயத்தன்றுதான் பிரதிபா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பொள்ளாச்சிப் பெண், கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகவில்லை, அவள் புருஷன் அந்த வருஷம்தான் பெரிய பந்தயத்துக்கு வந்திருந்தான். முறுக்கு நீட்டினாள், சுற்றிமுற்றிப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. லோகண்ணனுக்கு மட்டம் எறக்கறப்ப என்ன மாத்திரைங்க்கா குடுத்தீங்க?"

"எதுக்கு உனக்கு?"

"இவரு மேட்டைப் பார்த்தாலே பயப்படறாருங்க்கா. லோகண்ணன் மாதிரி மட்டத்தை நல்லா எறக்கி வெச்சுட்டா, எப்பவாச்சும் அடிகிடி பட்டாக்கூட தொப்பி போட்டு இந்த மாதிரி ஆக்கிருவாங்கன்னு எல்லாருஞ் சொல்றாங்க. பயமே இல்லாம ஓட்டலாமாம். உங்க வீட்டு மட்டம்தான் சரியான மட்டம்னு பேச்சு."

மஞ்சரி அவளை அறைந்திருப்பாள். கை வரை வந்தது. பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறுகூட இன்னும் நிறம் மங்கவில்லை. "வீட்டுக்குப் போடி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து நடந்தாள். மறுநாள் காலை ஷமீலாவின் அறையில் போய் உட்கார்ந்து, கனகு அண்ணன் காபி குடித்ததிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினாள். பந்தலில் தான் சொன்ன பொய்யையும் சொன்னாள். லைசென்ஸ் போகட்டும், ஜெயில் என்றாலும் போகட்டும், அவரைத் திருப்பிக் கொடுங்கள் என்றாள்.

ஷமீலா ஆச்சரியப்படவில்லை. அதுவே மஞ்சரிக்கு முதல் அடி.

"தெரியும்மா. அன்னிக்குப் பந்தல்லயே எனக்கு சந்தேகம். அவர் வீட்டுக்குப் போனப்புறம்தான் அவர் மட்டத்தை எடுத்துப் பார்த்தேன். பொண்டாட்டி குரலுக்கு இந்த அளவுக்குக் கல்லா இருக்கற ஆம்பளை, பந்தலுக்குப் பின்னாடி உங்க கையைப் புடிச்சுக்கிட்டு நிக்க மாட்டான். நான் அதை எத்தனை தடவை பார்த்திருக்கேன். போன வருஷமே சங்கத்துக்கு எழுதினேன். பாதிப் பேரோட மட்டம் பொய், நிறுத்துங்கன்னு."

"அவிய என்ன சொன்னாங்க?"

"மெஷின் அங்கீகாரம் பெற்றதுன்னு பதில் வந்தது. அவ்வளவுதான். அவங்களுக்கும் தெரியும்மா. பயமில்லாம ஓட்டினாக் கூட்டம் வருது. யாரு நிறுத்துவாங்க?"

"அப்ப ஒண்ணுமே பண்ண முடியாதுங்களா?" என்றாள்.

"ஒரு வழி இருக்கு. தொப்பியைக் கழட்டணும். அதுதான் அவரை அந்த மட்டத்துல புடிச்சு வச்சிருக்கு. மூளையில பழைய வழியெல்லாம் இன்னும் செத்துப் போகல. புடியை விட்டா அதுவே கொஞ்சம் கொஞ்சமா வரும். லேசுல வராது. வலிப்பு வரலாம், காரணமில்லாமக் கோவம் வரும், அழுகை வரும், ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஆகும். வண்டி கிட்டவே போகக் கூடாது, எப்பவுமே."

"வரட்டுங்க. எல்லாம் வரட்டும். நான் பார்த்துக்கறேன்."

"நீங்க பார்த்துப்பீங்க. ஆனா சம்மதம் அவர் குடுக்கணும்."

சம்மதம்தானே என்று நினைத்தாள் மஞ்சரி. எந்த மனுஷன் தன்னைத் தானே வேண்டாம் என்பான்? இருந்தாலும் அன்றைக்கும் மறுநாளும் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவன் பக்கத்தில் தொப்பியோடு அசையாமல் தூங்கினான். அதைப் பிடுங்கி எறிந்தால் என்ன என்றுகூடத் தோன்றியது. கழற்றினால் ஆஸ்பத்திரியில் மணி அடிக்கும், அடுத்த நாளே வந்து மாட்டிவிட்டுப் போவார்கள்.

லோகு கூப்பிட்டதும் ஆஸ்பத்திரிக்கு வந்தான். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. ஷமீலா ஒன்று விடாமல் விளக்கினார். அவன் பாடம் கேட்கிற பையன் மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

"உங்க வீட்டுக்காரம்மா சொல்றது உங்களுக்கு எப்படித் தோணுது, லோகேந்திரன்?"

"நெசமாத்தானுங்க இருக்கும். அவ பொய் சொல்ல மாட்டா."

"மாமா, அந்த ரெண்டு நாளு ஞாபகம் இருக்குதுங்களா?" மஞ்சரி அவன் பக்கம் திரும்பினாள். "மட்டம் எடுக்கறதுக்கு முன்னால?"

"இருக்குது. கேரம் ஆடினோம். கருமத்தம்பட்டி பைபாஸ்ல டீ குடிச்சோம். வேகத்தடைக்குப் பேரு வெச்சேன். உங்க பெரிய மாமா பேரு வந்தப்ப நீ ரோட்டோரம் நின்னு சிரிச்ச."

ஒன்றையும் விடவில்லை. அவளுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. "அது நல்லாருந்துச்சல்லங்க மாமா?"

அவன் யோசித்தான். அவளுக்காக உண்மையாகவே கஷ்டப்பட்டு யோசித்தான். "நல்லாருக்குதுன்னு நீ சொன்ன" என்றான்.

லோகு டாக்டரிடம் கேட்டான். "தொப்பிய எடுத்தா பயம் வருமுங்களா?"

"வரும்."

"அழுகை?"

"அதுவும் வரும்."

"வண்டி ஓட்ட முடியாது?"

"முடியாது."

"அப்ப எதுக்குங்க? எனக்கு எங்கயும் வலிக்கல. எதுவும் கொறையா இருக்கற மாதிரி தெரியல."

"எனக்காக மாமா" என்றாள் மஞ்சரி. வெட்கத்தை விட்டு, டாக்டர் இருக்கிறார் என்பதையும் மறந்து, அவன் காலடியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எனக்கு வேணும். அவ்வளவுதான். வேற எதுவும் கேக்கல. திட்டுங்க, அடிங்க, வலிப்பு வந்தா நான் புடிச்சுக்கறேன். எனக்காக ஒரே ஒரு தரம் சரின்னு சொல்லுங்க."

அவன் குனிந்து அவளைப் பார்த்தான். அவள் தலைமேல் கையை வைத்தான். ஏதாவது வருகிறதா என்று காத்திருப்பவன் மாதிரி அப்படியே இருந்தான். அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இல்ல மஞ்சரி. ஒண்ணும் வரல" என்றான். குரலில் கடுப்பு இல்லை, வருத்தமும் இல்லை. "வேண்டாமுங்க டாக்டர். இப்படியே இருக்கட்டும்."

ஷமீலா கடைசியாக ஒன்று செய்து பார்த்தார். அவன் சுயபுத்தியோடுதான் முடிவெடுக்கிறானா என்று சட்டப்படி சோதிக்க வேண்டும் என்றார். வலையை மாட்டினார். மட்டத்தோடு ஒப்பிட்டது. தொண்ணூற்றெட்டு. தன் முடிவைத் தானே எடுக்க முழுத் தகுதியுள்ளவர் என்று அது சொல்லிவிட்டது. அதற்கு மேல் அவரால் செய்ய ஒன்றுமில்லை.

"நாலு மணிக்குப் பயிற்சி இருக்குது. வண்டிய எடுத்துட்டு வாசல்ல நிக்கறேன்" என்று மஞ்சரியிடம் சொல்லிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு அவன் போனான்.

ஷமீலா எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார். அழட்டும் என்று காத்திருந்தார். மஞ்சரி அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரையிலிருந்து எழுந்து நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள்.

"டாக்டர், நானும் ரெண்டு ராத்திரியாத் தூங்கலீங்க" என்றாள். "சளி மாத்திரையும் பையில இருக்குது. எனக்கும் இப்பவே ஒரு மட்டம் எடுத்து, அந்தத் தொப்பியில ஒண்ணு குடுத்துருங்க. அவருகூட நான் குடும்பம் நடத்தோணும்."

மஞ்சரி பையைத் திறந்து மாத்திரை அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள்.